சுல்தான் காலத்துக் கோப்பி

ஆறாம் வகுப்பில் எனக்கு உதுமானியப் பேரரசுப் பைத்தியம் பிடித்திருந்தது. பள்ளிக்கூடப் புரொஜெக்டால் வந்த வினை. நாங்கள் குடியேறியிருந்த டண்டினொங் நகரில் எங்கள் தெருக்கோடியிலிருந்த துருக்கி அன்ரியிடம் சனிக்கிழமைகளில் கதை கேட்கப் போவேன். அறுநூறு வருடம் ஆண்டார்களாம். படைவீரர்களுக்குக் கோபம் வந்தால் சோற்றுக் கிடாரத்தைக் கவிழ்த்துப் போடுவார்களாம், சுல்தானே நடுங்குவாராம். கேட்கக் கேட்க நான் எங்கேயோ போய்விடுவேன். ஜன்னலுக்கு வெளியே போகிற பஸ்கூட நீலக்கடலில் மிதக்கிற படகாகத் தெரியும்.

என்னைத் தனியே விட அம்மாவுக்கு மனமில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, துணைக்கு வருவார். ஊரிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர், தற்காலிக விசாவில், ஸ்டேஷன் பக்கம் ஓர் அறையில் இருந்தார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், "இப்பதான் சாப்பிட்டனான் அக்கா" என்பார்.

துருக்கி அன்ரி சின்னக் கோப்பையில் கோப்பியும், பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரும் வைப்பார். முதல்நாள் மாமா, ஊர்ப் பழக்கத்தில், தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். அவ்வளவுதான்! அன்ரி குசினிக்குள் ஓடினார். பாண், பருப்பு சூப், சோறு பொதிந்த திராட்சை இலை என்று மேசை நிறைந்துவிட்டது.

பிறகு அன்ரி எனக்கு விளக்கம் சொன்னார். சுல்தான் காலத்திலிருந்தே, வீட்டுக்கு வந்தவரிடம் பசிக்கிறதா என்று கேட்கமாட்டார்களாம். கோப்பியை முதலில் எடுத்தால் வயிறு நிறைந்திருக்கிறது. தண்ணீரை எடுத்தால் பசி.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வழியில் மாமாவிடம் அதைச் சொல்லி, "இனி கோப்பியை முதல் எடுங்கோ மாமா, பிளீஸ்" என்றேன்.

"ஓம் பிள்ளை, ஓம்" என்று சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமையும் தண்ணீரைத்தான் எடுத்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும். மேசைக்குக் கீழே காலால் இடித்தும் பார்த்தேன், ம்ஹூம். ஒரு மனிதருக்கு இவ்வளவு மறதியா! பொறுக்கமுடியாமல் அம்மாவிடம் முழுக் கதையையும் சொல்லி முறையிட்டேன். கேட்ட அம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

மாமாவின் வேலை அனுமதி நின்றுபோயிருந்தது. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. அத்தான் வீட்டில், அதுதான் என் அப்பாவின் வீட்டில், பசிக்கிறது என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிய எத்தனையோ வருடமாயிற்று.

அடுத்தமுறை மாமா வந்தபோது அம்மா சாப்பிடக் கூப்பிடவில்லை. கோப்பியையும் தண்ணீரையும் அவர் முன்னால் வைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றார். மாமா வெகுநேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீரை எடுத்தார். அம்மா கண்ணைத் துடைத்தபடி சோறு போட உள்ளே போனார்.

எங்கள் வீட்டிலும் சுல்தான் விளையாட்டுத் தொடங்கிவிட்டது என்று நான் துள்ளித் துள்ளிக் கைதட்டினேன்.