பெரட்டுக் களத்துச் சங்கங்குப்பி

சங்கங்குப்பியும் துளசியும் ஒரே குடும்பம் என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். நொச்சியும் அதில் சேர்த்தியாம். ஓடைக்கரையில் சிவப்பாக, அடுக்கடுக்காகக் கோபுரம் மாதிரி பூக்குமே, மலாய்க்காரர்கள் பங்கில் பங்கில் என்பார்களே, அது சங்கங்குப்பிக்குக் கூடப்பிறந்ததாம். இருந்துவிட்டுப் போகட்டும். எந்தக் குடும்பத்திலும் ஒன்று இப்படிப் பிறக்கத்தான் செய்கிறது. துளசியைச் சுற்றி வந்து கும்பிட்டவள்தான் நானும். ஆனால் சங்கங்குப்பியை எங்கே பார்த்தாலும் காறித் துப்பிவிட்டுத்தான் மேலே நடப்பேன்.

பார்க்க லட்சணமான செடி. இலை எண்ணெய் தடவியது போல் மினுங்கும். வெள்ளைப் பூ மும்மூன்றாகப் பூத்து, ஒவ்வொன்றிலிருந்தும் சிவந்த நூல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆடு வாய் வைக்காது. இலையைக் கசக்கினால் ஒரு நாற்றம். சாறு எடுத்து நாக்கில் வைத்தால் கசப்பு உச்சந்தலைக்கு ஏறி, காது வழியாக வரும்.

மலாயாவில், கூலாய்க்குப் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் தோட்டம் என்பீர்களே, அதில் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். பெரிய சண்டை முடிந்து கித்தா விலை விழுந்து கிடந்த காலம். விடியும் முன்னே ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்போம். அந்தப் பெரட்டுக் களத்தின் ஓரத்தில், வேலி மாதிரி, இடுப்பு உயரத்துக்குச் சங்கங்குப்பி நின்றது. ஆற்று முகத்துவாரத்தில் மீன் பிடிக்கும் ஒரு மலாய்க்காரரிடம் குச்சி வாங்கி வந்து, எங்களை வேலை வாங்கும் கங்காணி நட்டது. முதலில் நல்ல எண்ணத்தில்தான் நட்டிருப்பான். காய்ச்சலுக்கு அது மருந்துதானே, எங்கள் ஊரிலும் அரைத்துக் கொடுப்பார்கள். அவன் இவன் என்று சொல்கிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கொடுக்க வேண்டிய மரியாதையை எல்லாம் அந்தக் களத்திலேயே கொடுத்துத் தீர்த்துவிட்டேன்.

பாம்பு கடித்தவன் வாயில் வேப்பிலையைக் கொடுத்துப் பார்க்கும் வழக்கம் ஒன்று நம்மிடம் உண்டு. கசக்கவில்லை என்று அவன் சொன்னால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். இதை எங்கள் கங்காணி காய்ச்சலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"காய்ச்சக்காரன் வாயி ஏற்கெனவே கசந்து கெடக்கும். கசப்புக்கு மேல கசப்பு எப்படித் தெரியும்? சாறக் குடிச்சிட்டு எவன் மூஞ்சியச் சுளிக்கிறானோ, அவனுக்கு வந்தது பொய்க் காய்ச்சல்!"

அடடா, என்ன மூளை! தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் கங்காணி போகச் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்று எவர் சொன்னாலும் அந்தக் களத்திலேயே இலை பறித்து, கசக்கிப் பிழிந்து, ஒரு கொட்டாங்கச்சிச் சாற்றை நீட்டுவான். குடிக்க வேண்டும். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முகம் சுளித்தால் வேலைக்கு விரட்டுவான், அதுவும் மர வரிசைகளில் எல்லாவற்றிலும் ஏற்றமான மேட்டு நிரைக்கு. வாரம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வரும் வெள்ளைக்காரத் துரையிடமும் இதைப் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தான். துரைக்கு இந்த வேடிக்கை ரொம்பப் பிடித்துவிட்டது. சாறு குடிப்பவர்களைப் பார்ப்பதற்கென்றே சில நாள் சீக்கிரம் வருவான்.

நடந்தது என்ன தெரியுமா? உடம்பு நன்றாக இருந்தவர்கள் பழகிக்கொண்டார்கள். நிஜமாகவே நடுங்கியவர்களால்தான் முகத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. என் மூஞ்சி பிறவியிலேயே மரக்கட்டை. ஒருநாள் துளிக் காய்ச்சல் இல்லாமலே அதைப் பாயசம் போலக் குடித்துவிட்டு, லயத்து வீட்டுக்குத் திரும்பி எண்ணெய் தேய்த்துத் தலை முழுகினேன். கங்காணி என்னைப் பார்த்து, "பாவம், நெசமான காய்ச்ச," என்று வேறு சொன்னான்.

என் வீட்டுக்காரர் அப்படி இல்லை. அத்தை மகன், அதனால் எப்போதும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அந்த மனிதருக்கு மனதில் இருப்பதெல்லாம் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். ரசத்தில் உப்பு ஒரு கல் கூடிவிட்டால் அவர் வாயைத் திறக்கவே வேண்டாம், எனக்குத் தெரிந்துவிடும். களத்தின் அந்தக் கோடியில் அவர் நின்றால், இந்தக் கோடியிலிருந்தே அவருக்குப் பசியா கோபமா என்று சொல்லுவேன். அந்த முகத்துக்காகத்தான் கப்பலேறினேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

அவருக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் தூக்கித் தூக்கிப் போடும். முதல் தடவை பெரட்டில் சாற்றைக் குடித்தார். முகம் பழைய துணியைப் பிழிந்த மாதிரி ஆயிற்று. வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். மேட்டு நிரைக்கு அனுப்பினான். மரத்தடியில் சுருண்டு கிடந்தவரின் நிரையையும் சேர்த்து நானே வெட்டி, பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினேன். சாயங்காலம் அவரைத் தாங்கிப் பிடித்து நடத்தி வரும்போதே எனக்கு உறைத்துவிட்டது. இன்னொரு தடவை இப்படி அனுப்பினால் ஆள் தங்கமாட்டார். அதற்குள் அவருக்கு அந்தச் சாற்றைக் குடிக்கக் கற்றுக்கொடுத்தாக வேண்டும்.

நல்லவேளையாகக் காய்ச்சல் சில நாள் விட்டிருந்தது. உடனே அடுப்படியில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. வேலை முடிந்து வரும்போது மடியில் இலையைக் கிள்ளிக்கொண்டு வருவேன்.

"கண்ண மூடாதீங்க மாமா. மூச்ச அடக்கிட்டு ஒரே மடக்கு. பாயசம்னு நெனச்சுக்குங்க."

"பாயசத்துக்கு ஏன் புள்ள இப்படிக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்கிற?"

குடிப்பார். உடனே ஒரு கண் மூடும், உதடு கோணும், நாக்கு வெளியே வந்துவிடும். கோபத்தில் அகப்பையால் முழங்காலில் ஒன்று வைப்பேன். அவர் சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வந்து தொலைக்கும். "சிரிக்காதீங்க, உசுரு போற சமாச்சாரம்!" என்று கத்திக்கொண்டே நானும் சிரிப்பேன். அந்தச் சில நாட்களைத்தான் நான் வாழ்ந்த நாட்கள் என்று இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

கடைசியில் ஒருநாள் குடித்தார். முகம் அசையவில்லை. கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார்.

"எப்படி? கங்காணி அசந்துருவான்ல?"

"அசந்துருவான் மாமா," என்றேன். ஒரு கட்டி வெல்லத்தை வாயில் போட்டேன்.

காய்ச்சல் திரும்ப வந்த அன்று அவருக்கு நிற்கவே கால் இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு பெரட்டுக்கு வந்தார். கங்காணி இலையைப் பிழிந்து நீட்டினான். மாமா வாங்கினார். ஒரே மடக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தார். முகம் அசையவில்லை. எனக்கு உள்ளே கூத்தாடியது. அப்பாடா, பிழைத்தோம்!

கங்காணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். பிறகு செடியைப் பார்த்தான். நான் கிள்ளிய கொம்புகள் மொட்டையாக நின்றன.

"நல்லாப் பழகிட்டு வந்திருக்க போல," என்று இன்னொரு கைப்பிடி இலையைப் பறித்தான். "இந்தா, இதையும் குடி."

இரண்டாவது கொட்டாங்கச்சி பாதியில் அவருக்கு உதடு கோணிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. வாந்தி எடுத்தார்.

நான் ஓடிப்போய் கங்காணி முன்னால் நின்றேன். "மிச்சத்த நான் குடிக்கிறேங்க கங்காணியாரே. அவர விட்டுருங்க."

"அவன் காய்ச்சலுக்கு நீ வாயி குடுப்பியா?" என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. ஒருத்தி மட்டும் சிரிக்காமல் இருந்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி ஒருத்தியும் இல்லை.

என்னை ஓடைப் பக்கத்து நிரைக்கு அனுப்பினான், அவரை மேட்டுக்கு. மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் இரண்டு பேர் அவரைச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்தார்கள். ஒரு மாட்டுவண்டிகூடத் தரவில்லை. ஆஸ்பத்திரி டிரசர் லயத்துக்கு வந்து கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "முன்னாலயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கலாமே," என்றான். அந்த வாரம் முடிவதற்குள் மாமா போய்விட்டார். கடைசியில் அந்த முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே வைத்திருந்தார்.

கருமாதிக்குக் கங்காணி வந்தான். "விதிம்மா," என்றான். மறுநாள் பெரட்டில் வேறொருத்திக்குச் சாறு பிழிந்தான்.

மழைக்காலம் போய் வெயில் வந்தபோது கங்காணிக்கே காய்ச்சல் வந்தது. காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு பெரட்டுக்கு வந்தான். கை நடுங்கியது. அன்றைக்கென்று துரையும் வந்திருந்தான்.

"தொரைங்களே, இன்னைக்கு ஒடம்புக்கு முடியலைங்க. ஆஸ்பத்திரிக்குப் போறேனுங்க."

துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "காச்சலா? சரி. நீ சொன்ன மருந்து எங்கே? குடி!"

கங்காணி வேடிக்கை போல் சிரித்துப் பார்த்தான். துரை விடவில்லை. இலை பறிக்க நானே போனேன். யாரும் சொல்லவில்லை. முற்றின இலையாகப் பார்த்துப் பறித்து, தண்ணீர் விடாமல் பிழிந்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினேன்.

குடித்தான். என் மாமாவின் முகம் கோணியதைவிட மோசமாகக் கோணியது. துரை தொடையைத் தட்டிச் சிரித்தான். "கங்காணி பொய்! காச்சல் இல்லை! மேலே போ, வேலை பார்!" துரை சொன்னது கங்காணியே கண்டுபிடித்த சட்டம், எதிர்த்து எப்படிப் பேசுவான்? மேட்டு நிரைக்குத் தள்ளாடிக்கொண்டு ஏறினான். எனக்கு என்ன சந்தோஷம் என்கிறீர்கள்! அன்றைக்கு உளி மரத்தில் தானாக இறங்கியது.

சாயங்காலம் கங்காணியின் பெண்சாதி என் வாசலுக்கு வந்தாள். மாமா செத்த அன்றுகூட எட்டிப் பார்க்காதவள்.

"மேட்டுலருந்து தூக்கியாந்துட்டாங்கடி. பேச்சு மூச்சில்ல. ஒன் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் இருந்துச்சா? நீ என்ன குடுத்த?"

"சங்கங்குப்பிச் சாறு குடுங்கம்மா," என்றேன். "மூஞ்சியச் சுளிக்கலன்னா நெசமான காய்ச்ச."

அவள் மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். துரையின் பெரிய பங்களாவுக்குத்தான் ஓடியிருக்க வேண்டும். மறுநாள் துரையின் கார் வந்து கங்காணியை ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போயிற்று. அவன் பிழைத்துவிட்டான்.

எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து பெரட்டில் நின்ற முதல் நாள், ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண் குளிர்காய்ச்சல் என்று முன்னால் வந்தாள். களம் முழுக்கக் கங்காணியின் கையைப் பார்த்தது. கை செடிப் பக்கம் போகவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போ தாயி," என்றான்.

இவ்வளவுதான். வாயைத் திறந்து இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று? அவன் பழையபடி கொடியவனாகவே இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். நேராகச் செடியிடம் போனேன், இலையைப் பறித்தேன், பிழிந்தேன், அவன் முன்னால் கொண்டுபோய் நீட்டினேன்.

"அவளுக்குச் சாறு குடுக்கலையா கங்காணியாரே? காய்ச்ச நெசமா பொய்யான்னு எப்படித் தெரியும்?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வேணாம்மா. அது சரிப்பட்டு வராத சோதன," என்றான்.

கொட்டாங்கச்சியை என் வாயில் சாய்த்துக்கொண்டேன். ஒரு சொட்டு மிச்சமில்லை. முகம் அசையவில்லை. "எனக்கும் காய்ச்சதான்," என்று சொல்லிவிட்டு, அவன் பதிலுக்கு நிற்காமல் லயத்துக்கு வந்து மாமாவின் பாயை விரித்துப் படுத்தேன்.

சாயங்காலம் குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டது சுவர் வழியாகக் கேட்டது. கங்காணி தங்கமான மனுஷனாக மாறிவிட்டான் என்றார்கள். அந்தப் புதுப்பெண்ணுக்குக் கஞ்சிகூடக் கொடுத்தனுப்பினானாம்.

"இவளுக்குத்தான் மனசு கல்லு," என்றாள் ஒருத்தி. "காய்ச்சக்காரிக்கு அந்தச் சாறக் குடுக்கச் சொல்றாளே, இவளெல்லாம் பொம்பளையா?"