எந்த ஊர்ச் சங்கம், எதற்கு நிதி?

டக்கென்று சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். செருப்பு இரண்டும் வாசலில் விழும் சத்தம். அப்புறம் ஒரு கனைப்பு. ஊர்ச் சங்கங்களுக்கு நிதி தேடிக் கொடுக்கிற தொழிலில் வாடிக்கையாளர் இப்படித்தான் வருவார், முகம் கடைசியில்தான் தெரியும். பதிவான சங்கமா பதிவாகாத சங்கமா என்று கனைப்பை வைத்தே கண்ணைத் திறக்காமல் சொல்லிவிடுவேன். பதிவான சங்கம் ஒரு தடவை கனைக்கும். பதிவாகாதது, நாம் எழுந்திருக்கும் வரை கனைத்துக்கொண்டே இருக்கும்.

உங்களில் யாராவது ஒரு மாதர் சங்கத்துக்கோ வாலிபர் சங்கத்துக்கோ செயலாளராக இருந்து, "இதுக்கு எங்கேயாவது பணம் வாங்க முடியாதா" என்று ஊர் கேட்கும்போது விழித்திருந்தால், நீங்கள் தனியாள் இல்லை. அதற்கு மேல் ஆறுதல் என்னிடம் கிடையாது.

பிச்சையும் ஷிப்டும்

கோவில்பட்டியில் ஒரு பஞ்சாலையில் எனக்கு டைம் ஆபீஸில் வேலை, ராத்திரி ஷிப்டு. அதற்கு முன்னால் அச்சுக் கோத்திருக்கிறேன், மிளகாய் வத்தல் லாரிக்குச் சீட்டுப் போட்டிருக்கிறேன், ஓட்டல் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். எதிலும் மனசு தங்கவில்லை. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. இங்கிலீஷ், எடைக்கு வாங்கிய பழைய பத்திரிகைகளில் படித்தது. அவை கிழிந்தே வந்ததால் உலகத்தில் பல விஷயங்களுக்கு எனக்கு ஆரம்பம் தெரியும், முடிவு தெரியாது.

அப்படி ஒரு பத்திரிகையில், ஏழை நாட்டுக் கிராமங்களுக்கு உதவுகிறோம், எழுதுங்கள் என்று ஒரு விலாசம் இருந்தது. எங்கள் தெரு வாசகசாலைக்காகச் சும்மா எழுதிப் பார்த்தேன். ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வந்தது. அத்தனையும் கறவை மாடு வளர்ப்பது பற்றி. ஆனாலும் கடல் தாண்டி ஒரு பெட்டி வந்துவிட்டது அல்லவா, சுற்றுவட்டாரத்தில் எனக்கு ஒரு பேர் ஏற்பட்டது. இடைசெவலிலிருந்து ஆள் வந்தது, குளத்தூரிலிருந்து ஆள் வந்தது. வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்த ஊர்ச் சங்கம், எதற்கு நிதி?" பாதிரியார் வீட்டுச் சபைப் பத்திரிகை, நூலகத்து டைரக்டரி, ரேடியோவில் சொல்லும் விலாசம், எதையும் நான் விடுவதில்லை. மில்லில் பக்கத்து மேஜைக்காரர் சண்முகையா, நான் விலாசங்களைக் காப்பி எடுப்பதைப் பல நாள் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "ஊராருக்காக ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பிச்சை கேக்குத ஆளு நீரு ஒருத்தர்தான்வே. கோயில் வாசல்ல இருக்கவன்கூடப் பொழுது சாஞ்சா துண்டை ஒதறிப் போட்டுப் படுத்துருதான்."

தேனீக்கு உண்டு

கழுகுமலைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம், அவர்களுக்கு இன்னொரு நிதி கேட்டிருக்கிறது. அந்த ஊர் மாதர் சங்கத் தலைவி பவுல்தாய், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போகிறவர். ஒருநாள் மத்தியானம் வந்தார். அவர் கனைக்கவில்லை. கதவைத் தட்டினார்.

ஊருக்குள் தண்ணீர் கிடையாது. ஒரு மைல் தள்ளி வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரியின் தோட்டத்தில் மோட்டார் ஓடும்போது குடம் பிடித்துக்கொள்ளலாம். மோட்டாருக்குக் கரண்டு நடுச்சாமத்தில்தான் வரும். அதனால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நடுச்சாமத்தில் எழுந்து நடப்பார்கள். திரும்பி வந்து உலை வைப்பதற்குள் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்துவிடும். இப்போது அந்தச் சம்சாரி, "கெணறு வத்திக்கிட்டு வருது, வார கோடைக்கு மொளகாய்ச் செடிக்கே காணாது, கொடத்தோட யாரும் வராதீங்க" என்று சொல்லிவிட்டார். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் கேட்டதற்கு, "ஒங்க ஊரு லிஸ்டுல இருக்கு" என்றார்களாம். கோடைக்குள் ஒரு போர் போட்டு அடிபம்பு வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

நிதி கொடுக்கிறவர்களுக்கும் நம்மைப் போல ஆளுக்கொரு பிரியம் உண்டு. ஒருவர் மரம் நட்டால்தான் தருவார், இன்னொருவர் பன்றி வளர்த்தால். அந்த வருஷம் என் கையிலிருந்த விலாசங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தேனீ மேல் ஆசை. தண்ணீருக்கு ஒருவரும் இல்லை. "இப்போதைக்குத் தேனீப் பெட்டிக்குப் போட்டு வைப்போம்மா, ஒரு தடவை நிதி வாங்கிட்டா அடுத்தது சுலபம்" என்றேன். இது தொழில் தர்மம். நீங்களும் யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள். பவுல்தாய் நிதானமாக யோசித்தார். "தேனீயும் நம்மள மாதிரி ஒரு உசுருதான அண்ணாச்சி. அது வந்து எறங்குன ஒடனே தண்ணி எங்கனன்னு கேட்டா, நாங்க அது மொகத்துல எப்படி முழிக்க?"

சுத்தமான கணக்கு

தண்ணீருக்குக் கொடுக்கிற இடம் கடைசியில் ஒரு சபைப் பத்திரிகையின் பின்னட்டையில் கிடைத்தது. வெளிநாட்டு உதவியில் பெங்களூரில் நடக்கிற ஒரு அமைப்பு. எழுதிக் கேட்டேன், பதில் வந்தது. அந்தச் சந்தோஷம் முதல் பாரா வரைக்கும் நீடித்தது. இரண்டாவது பாராவில், சங்கத்தின் மூன்று வருஷ ஆடிட் கணக்கை இணைக்கவும் என்றிருந்தது. கணக்கு இருக்க வேண்டுமானால் பணம் வந்திருக்க வேண்டும். பணம் வர வேண்டுமானால் கணக்கு இருக்க வேண்டும். நம் ஆட்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் வேறு தொழிலுக்குப் போய்விடுகிறார்கள்.

பவுல்தாயின் சங்கம் பதிவாகி மூன்று வருஷம் முடிந்திருந்தது. பதிவானதைத் தவிர அதில் வேறெதுவும் நடந்திருக்கவில்லை. மாசம் தவறாமல் கூட்டம் போட்டு, ஊருக்குத் தண்ணீர் வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். கூட்டத்துக்கு ஒரு டீச் செலவுகூடக் கிடையாது. டீ போடுவதற்கும் தண்ணீர் வேண்டும். டவுனில் எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் தீர்மானப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று வருஷத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பீஸ் என்று நான் சட்டைப்பையில் கைவிட்டபோது வேண்டாமென்று தலையாட்டினார். "வரவு இல்ல, செலவு இல்ல, பாக்கியும் இல்ல. எத்தனையோ முதலாளிமார் கணக்குப் பாத்தாச்சு. இவ்வளவு நேர்மையான கணக்குல கையெழுத்துப் போடுதது இதுதான் முதல் தடவ."

தற்போதைய நிலைமை

விண்ணப்பத்தோடு, "தற்போதைய நிலைமையைக் காட்டும் புகைப்படம்" ஒன்றும் வேண்டும் என்றார்கள். ஊரில் காமிரா ஏது? சங்கத்துப் பெண்களை டவுனுக்கு வந்து ஸ்டூடியோவில் படம் எடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். என் மனசில் இருந்தது காலிக் குடமும் வாடிய முகமும். ஆனால் எங்கள் பக்கத்தில் போட்டோ என்பது கல்யாணத்துக்கு அடுத்த காரியம். கடைசித் தேதிக்கு முந்தின நாள் படம் கைக்கு வந்தது. எல்லோரும் இரவல் பட்டுச் சேலை, தலை கொள்ளாத பூ, அப்பிய பவுடர். நடுவில் பவுல்தாய், கையில் பிளாஸ்டிக் ரோஜாவோடு. பின்னால் மலையிலிருந்து பொங்கி விழுகிறது ஒரு அருவி.

ஸ்டூடியோவுக்கு ஓடினேன். அதை வைத்திருந்தவர் ஒரு ராவுத்தர், பொறுமைசாலி. அவரிடம் பின்னால் தொங்கவிடுகிற படச்சீலைகள் மூன்று உண்டு: அரண்மனைப் படிக்கட்டு, ஆகாய விமானம், அருவி. "எதுக்கு போட்டோன்னு கேட்டேன். தண்ணிக்குன்னு சொன்னாங்க. அதான் அருவியப் போட்டேன்" என்றார். குற்றம் சொல்ல வழியில்லை. "பாய், குடிக்கத் தண்ணி இல்லாத ஜனங்கன்னு காட்டணும்" என்றேன். ராவுத்தர் மூன்று சீலைகளையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "இல்லாமைக்குன்னு தனியா ஒரு சீலை வரைஞ்சு வைக்கலாம் அண்ணாச்சி. அதுக்கு முன்னால காசு குடுத்து வந்து நிக்கப்போறது யாரு?"

விருந்தாளி

வேறு வழியில்லாமல் அந்தப் படத்தையே அனுப்பினேன். பெங்களூரில் குழம்பியிருக்க வேண்டும். நேரில் பார்க்க ஆள் வருகிறது என்று எழுதினார்கள். முந்தின நாளே பவுல்தாயிடம் பாடம் சொல்லிக்கொடுத்தேன். காலிக் குடங்களைத் தெருவில் வரிசையாக வைக்க வேண்டும், பழைய சேலை கட்ட வேண்டும், முக்கியமாக யாரும் சிரிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினார்.

வந்தவர் தமிழ் பேசுகிற அதிகாரி, நல்ல மனுஷர். முதல் வீட்டில் ஒரு பெண் விளிம்பு தட்டத் தட்ட ஒரு செம்புத் தண்ணீரைச் சிரித்த முகமாக நீட்டினாள். குடித்தார். இரண்டாவது வீட்டிலும் செம்பு. எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் யார் தண்ணீர் குடித்தார், யார் வீட்டில் வேண்டாம் என்றார் என்பதை ஊர் தலைமுறைக்கும் மறக்காது. அது அவருக்கும் தெரிந்திருந்தது போலிருக்கிறது. ஒரு வீட்டைக்கூட விடவில்லை. தெருக்கோடிக்கு வந்ததும் என் காதருகே, "தண்ணீர் தாராளமாகத்தானே இருக்கிறது" என்றார். இன்னும் போடாத அந்தப் போர் என் கண் முன்னாலேயே மண் மூடிக்கொண்டிருந்தது.

அத்தனை வீட்டுத் தண்ணீரும் தன் வேலையைக் காட்ட, அவர் உடைமரக் காட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தார். கை கழுவத் தண்ணீர் கேட்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். ஊரில் இருந்ததையெல்லாம் அவருக்கே ஊற்றியிருந்தார்கள். செம்பு நீட்டிய அதே பெண், "இனி ராத்திரி கரண்டு வந்தாத்தான் சார்" என்றாள். அவர் இரண்டு கையையும் விரித்தபடி கொஞ்ச நேரம் வெயிலில் நின்றார். பிறகு, கழுவாத கையால் பேனாவைத் தொட மாட்டாமல், என்னைக் குறிப்பு எழுதச் சொன்னார்; அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஜீப் போனதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "காலிக் கொடத்த வைக்கச் சொன்னேனே, ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?" என்றேன். பவுல்தாய் செம்பைக் கவிழ்த்து வைத்தபடி சொன்னார்: "வீடு தேடி வந்தவியளுக்குத் தண்ணி இல்லன்னு சொல்லித்தான் ஒரு போர் கெடைக்கும்னா, அந்தப் போரு வேற யாருக்காவது இருக்கட்டும் அண்ணாச்சி."

மிச்ச நேரம்

கோடைக்கு முன்னால் நிதி வந்தது. கரிசலைத் தாண்டி, சுக்கான் பாறையைத் தாண்டி, இனி இல்லை என்று போர் போடுகிற லாரிக்காரர்கள் கையைத் துடைக்கப் போகிற நேரத்தில் தண்ணீர் வந்தது. கொஞ்சம் உவர்ப்பு. பருப்பு வேகாது, தாகம் தீரும். பவுல்தாய்தான் முதலில் அடித்துக் குடித்தார். குடித்துவிட்டு அடுத்தவளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

சில மாசம் கழித்துப் பெங்களூரிலிருந்து ஒரு கேள்வி வந்தது. தண்ணீர் சுமப்பது நின்றதால் பெண்களுக்கு மிச்சமாகும் நேரம் எந்த வளர்ச்சிப் பணிக்குப் பயன்படுகிறது? எழுத்தறிவு, தையல், சேமிப்பு, காய்கறித் தோட்டம் என்று அவர்களே எடுத்தும் கொடுத்திருந்தார்கள். ஊரின் கீழத்தெருவுக்கு இரண்டாவது பம்பு கேட்டிருந்தோம். அதற்கு இந்தப் பதில் திருப்தியாக இருக்க வேண்டும். கீழத்தெருக்காரர்கள் தினமும் மேலத்தெருவுக்கு வந்து வரிசையில் கடைசியாக நிற்கிறார்கள்; அவர்கள் முறை வர நடுச்சாமம் ஆகிவிடும். ஏன் கடைசியாக என்பதைப் பெங்களூருக்கு இங்கிலீஷில் விளக்க எனக்கு வராது.

பவுல்தாய் வந்தபோது நான் முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தனியாள் சமையல். முறத்தை நகர்த்தி வைத்துவிட்டுக் கேள்வியைப் படித்துச் சொன்னேன். "தையல்னு போட்டுருவோமா?" என்றேன்.

"தையல்னு போட்டா மெஷின் எங்கனன்னு வந்து நிப்பாவ. அந்த நேரத்துல நாங்க உறங்குதோம்."

"நெசமாவா?"

"பின்னே? எம் மாமியாருக்கு இந்த வயசுக்கு இப்பத்தான் நடுச்சாமத்துல கனவே வருதாம். எந்திரிச்சு உக்காந்து எல்லாத்துக்கிட்டயும் சொல்லுதாவ."

"உறங்குதோம்னு எழுதுனா அடுத்த பம்பு தருவாங்களாம்மா?"

பவுல்தாய் எழுந்து சேலையை உதறிக்கொண்டார். "கீழத்தெருக்காரவிய இன்னும் உறங்கல, அவியளும் உறங்கணும்னு சேத்து எழுதுங்க அண்ணாச்சி. அதுக்கெல்லாம் இங்கிலீசு இருக்குல்லா?"

இருந்தது, எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு வந்து, ராத்திரியெல்லாம் விழித்திருந்து பாதி ஊரை உறங்க வைத்த ஆசாமி என்று என்னை நானே ஒரு தடவை மெச்சிக்கொண்டு, முறத்தை மடிக்கு இழுத்து விட்ட இடத்திலிருந்து கல் பொறுக்க ஆரம்பித்தேன்.