பஸ்ஸுக்கு நின்ற செம்மநத்தம்

சாமுவேல் உபதேசியார் இன்று காலை கர்த்தரிடம் போய்விட்டார். ஏற்காட்டில் எஸ்டேட் எஸ்டேட்டாக, வேத வசனம் அச்சடித்த கைப்பிரதிப் பையோடு நடந்த மனுஷன்...

அவருக்கு ஜீப் ஓட்டியது அடியேன்தான். கரடியூர் வளைவில் ஒற்றைக் கையால் வண்டி திருப்ப இந்த மலையில் என்னை விட்டால் ஆள் கிடையாது. ஒரு தடவை காட்டெருமையே ஒதுங்கி சல்யூட் வைத்தது!

ஐயா மட்டும் ஏறியதிலிருந்து இறங்கும்வரை கண்ணை மூடி ஜெபம் பண்ணுவார். "உன் ஜீப்புல ஏறுனாத்தான் சாமி எனக்கு விசுவாசம் நொம்பப் பெருகுது" என்பார்.

செம்மநத்தம் என்றால் அவருக்கு உயிர். மலைச்சாமி சேர்வராயனைக் கும்பிடுகிற ஊர். ஆனாலும் ஊர்ப் பெரியவர், "ஏனுங்க உபதேசியாரே, உங்க சாமி கதைய அப்பறம் கேக்கறோம், மொதல்ல களி தின்னுங்க" என்று உட்கார வைப்பார். தின்ற பிறகு நிஜமாகவே கதை கேட்பார்.

ஐயாவுக்கு ஃபேஸ்புக் பக்கம் திறந்து கொடுத்ததும் நான்தான். எட்டாவது ஃபெயில் என்றாலும் போன் விஷயத்தில் என்ஜினியரே என்னிடம் சந்தேகம் கேட்பார்.

ஒருநாள் செம்மநத்தத்தில் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தைப் படம் எடுத்தேன். நடுவில் ஐயா, குடையோடு. "ஊரே இரட்சிக்கப்பட்டது! அல்லேலூயா!" என்று எழுதி அவர் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டேன். லைக் அள்ளியது... மலேசியாவில் இருந்தெல்லாம்.

அடுத்த வாரம் பெரியவர் போனை நீட்டினார். "பஸ்ஸுக்கு நின்னவங்கள எல்லாம் உங்க ஆளுன்னு எழுதிப்போட்டீங்களே... சேர்வராயன் மொகத்துல நாங்க எப்புடிங்க முழிக்கறது? இனி இங்க வராதீங்க."

ஐயா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தப்புத்தானுங்க" என்றார். அவ்வளவுதான்.

ஜீப்பில், "அந்தப் படத்த ஃபேஸ்புக்குல இருந்து எடுத்துரு சாமி" என்றார். எடுத்தேன். போட்டது நான் என்று ஊருக்குப் போய்ச் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று...

அதற்குப் பிறகு அவர் அங்கே போகவே இல்லை. செம்மநத்தம் ரோடு பிரியும் இடம் வரும்போது மட்டும் கண்ணைத் திறந்து பார்ப்பார்.

இன்று அவர் வீட்டு வாசலில் செம்மநத்தமே நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒன்றும் கூட்டவில்லை.

பெரியவர் என் கையில் இருந்த போனைப் பார்த்தார். "இப்பப் புடிங்க படம். இன்னைக்கு அவருக்காவத்தான் நிக்கறோம்."

எடுக்க முடியவில்லை.

பெரியவரே, அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன்... அந்தப் பழைய படத்தைப் போட்டது ஐயா இல்லை. நான்தான்.

போய் வாருங்கள் ஐயா. கண்ணை மூடிக்கொள்ளுங்கள்... நான் மெதுவாகவே ஓட்டுகிறேன்.