கட் ஆன நாலு மணி

சாணார்பட்டிப் பக்கம் எங்கள் தெருவில், மல்லி பறிக்கப் போகும் பெண்கள் ஒருவரையொருவர் போனில்தான் எழுப்பிக்கொள்வார்கள். யாரும் எடுத்துப் பேசுவதில்லை. மணி அடித்ததும் கட் செய்தால் எழுந்தாயிற்று என்று அர்த்தம். கட் ஆகாவிட்டால் மறுபடி அடிக்கும், மறுபடியும் அடிக்கும். கடைசியில் வந்து கதவைத் தட்டுவார்கள்.

என் மனைவி நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வு மறுநாள் காலை மதுரையில். எட்டு மாதமாக டூட்டி முடிந்து வந்து, அடுப்படியில் நின்றபடியே படித்தவள். அன்றும் திண்டுக்கல்லிலிருந்து கடைசி டவுன் பஸ்ஸில்தான் வந்தாள். பூப்பறிக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் நாலு மணிக்கு எழுப்பச் சொல்லிவிட்டு, படுத்துக்கொண்டே புத்தகத்தைப் புரட்டினாள்.

"ஏங்க, இந்த 'வேக்'குக்கு எத்தன அர்த்தம்?"

கேட்டால் போதாதா எனக்கு? விழிப்பது, எழுப்புவது, ஒன்று திடீரென்று உறைப்பது, செத்தவர் பக்கத்தில் கண்விழித்து உட்கார்ந்திருப்பது, படகு போன பிறகும் தண்ணீரில் நீளும் தடம்...

"மார்க்கு வர்றத மட்டும் சொல்லுங்க" என்று திரும்பிப் படுத்துவிட்டாள்.

நாலு மணிக்குப் போன் அடித்தபோது நான் விழித்துத்தான் இருந்தேன். அந்தச் சொல் தூங்கவிடவில்லை. அவள் அசையவில்லை. விரலில் பேனா மை. செத்த நேரம் தூங்கட்டும், பத்தே நிமிடம் என்று கட் செய்தேன். கவிதை நோட்டை எடுத்தேன். படகின் தடத்தைப் பற்றி நாலு வரி வந்தது. ஐந்தாவது வரிக்குக் காத்திருந்த நான், சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனேன். சனியன் பிடித்த ஐந்தாவது வரி.

கண் திறந்தபோது வெயில் சன்னல் கம்பியைத் தாண்டியிருந்தது. கூடையோடு திரும்பிய அக்கா வாசலில் நின்று கத்தினார்.

"ஏத்தா, இன்னுமா கெளம்பல நீ?"

மனைவி துள்ளி எழுந்தாள். "நீங்க எழுப்பலையேக்கா!"

"நீதான கட் பண்ணுன? எந்திரிச்சிட்டன்னுல்ல பூக்காட்டுக்குப் போனேன்."

மனைவி போனைப் பார்த்தாள். பிறகு என் மடியில் கிடந்த நோட்டை. தேர்வுக்கு முக்கால் மணி நேரம்தான். பஸ்ஸுக்கே ஒன்றரை மணி நேரமாகும்.

"அசந்து தூங்குனியா, பாவமா இருந்துச்சு..." என்றேன்.

"எட்டு மாசமா தூங்காதப்ப இல்லாத பாவம்!"

எத்தனை அர்த்தம் தெரிந்து என்ன? தோளைத் தொட்டு உலுக்கத் தெரியவில்லையே எனக்கு.

அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டிய அன்று, என்னை வைத்துக்கொண்டே அக்காவிடம் சொன்னாள்: "இனிமே கட் ஆனாலும் நம்பாதீங்கக்கா. கதவத் தட்டுங்க."

"தட்டுறேன்த்தா. ஒன் வீட்டுக்காரரு வந்து தொறந்தாருன்னா?"

"தொறக்கட்டும். நான் வெளிய வந்து நின்னாத்தான் நீங்க காட்டுக்குப் போகணும்."