பொம்மை கம்பெனியும் பல்கலைக்கழகம்தான்

என் தங்கை பி.ஏ. படித்த பல்கலைக்கழகம் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், பைக் சீட் கவர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. இரண்டு அறை, ஒரு கக்கூஸ். பெயருக்கு முன்னால் 'சர்வதேச' என்று வேறு போட்டிருந்தார்கள். கக்கூஸுக்குக் கதவு கிடையாது.

புருஷனை இழந்து, கைப்பிள்ளையோடு உட்கார்ந்து படித்தவள் அவள். சேத்தியாத்தோப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை கிட்டத்தட்ட கிடைத்துவிட்டது. டிகிரியைச் சரிபார்ப்பதுதான் பாக்கி.

பட்டமளிப்பு விழாவுக்கான பீங்கான் கேடயங்களை நான் வேலை செய்யும் பொம்மை கம்பெனியில்தான் செய்தோம். தங்கையின் கேடயத்தை நானே சூளையிலிருந்து எடுத்தேன். எனக்கு வந்த பெருமையைக் கேட்க வேண்டுமா! தெருவில் ஒருத்தரை விடாமல் சொல்லித் தீர்த்தேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. "இந்தப் பேர்ல யுனிவர்சிட்டியே இல்லீங்களேம்மா."

இரண்டு பேரும் மாடி ஏறினோம். தன்னை வேந்தர் என்று சொல்லிக்கொள்ளும் முதலாளி பதறவே இல்லை.

"யாரு சொன்னது? கவர்மெண்டு பதிவு இருக்குதும்மா" என்று சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார்.

அட கடவுளே! அது சிறுதொழில் பதிவு. எங்கள் கம்பெனியிலும் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதேதான் தொங்குகிறது.

"இது பொம்ம சுடுறவங்களுக்குக் குடுக்குறதுங்க" என்றேன்.

"பதிவு பதிவுதானேம்மா?" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

அந்தக் கணக்குப்படி எங்கள் கம்பெனியும் பல்கலைக்கழகம்தான். ஒரு படி மேல் என்றே சொல்லலாம். வேகாத சரக்கை நாங்கள் யார் தலையிலும் கட்டுவதில்லை.

கோர்ட்டுப் பக்கம் இருக்கும் வக்கீலம்மாவிடம் போனோம். பாராளுமன்றமோ சட்டசபையோ சட்டம் போட்டு உண்டாக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மத்திய அரசு நிகர்நிலை என்று அறிவித்திருக்க வேண்டும், மற்ற எவனும் அந்தப் பெயரை வைக்கவோ பட்டம் கொடுக்கவோ கூடாது என்று ஒரு சட்டமே இருக்கிறது என்றார்கள்.

"மீறி வச்சா?"

"அந்தச் சட்டத்துல ஆயிரம் ரூபா வரைக்கும் ஃபைனும்மா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. கேடயத்துக்கே அந்த ஆள் அதைவிட அதிகம் கொடுத்திருந்தார்.

போர்டில் இப்போது 'பல்கலைக்கழகம்' இல்லை, 'அகாடமி' இருக்கிறது. மற்றபடி அதே மாடி, அதே வேந்தர், அட்மிஷன் ஜோராக நடக்கிறது. சேத்தியாத்தோப்பு வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. தங்கை நிஜமான பல்கலைக்கழகம் ஒன்றில் தபால் வழியில் மறுபடி முதல் வருடம் படிக்கிறாள்.

அவள் வீட்டில் சோற்றுப் பானையை அந்தக் கேடயத்தின் மேல்தான் இறக்கி வைக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "தூக்கிக் குப்பையில போடுடி" என்று ஒருநாள் கத்தினேன்.

"இருக்கட்டும்க்கா" என்றாள். "அங்க எனக்குக் குடுத்ததுல ஒழுங்கா வெந்தது இது ஒண்ணுதான்."