பினாங்கிலிருந்து வந்த வார்த்தைகள்

1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு காலை, சிதம்பரம் ரயில் நிலையத்தில் முஹம்மது இஸ்மாயிலை இரண்டு ஆட்கள் கைத்தாங்கலாக இறக்கினார்கள். பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்ற மனிதர் அவர். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலைவிட்டு இறக்கி, மாயவரத்தில் வண்டி மாற்றிக் கொண்டுவந்தவர்கள், பேச்சும் போய்விட்டது என்று அவர் மனைவி ஆசியா உம்மாளிடம் மெதுவாகச் சொன்னார்கள்.

ஆசியா உம்மாளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கூச்சம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. அவர் வந்துபோன விடுமுறைகளையெல்லாம் சேர்த்தாலும், இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது நாலு வருஷம் தேறாது. நடுவில் யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் பிடித்த ஊரில் புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் பல பெருநாட்கள் கழிந்தன. மகள் அமீருன்னிசாவை அவர் முதன்முதலாகத் தூக்கியபோது அந்தக் குழந்தைக்கு ஆறு வயது. யாரோ அந்நிய மனிதர் என்று அது வீறிட்டு அழுதது. அந்த மகளும் இப்போது மங்கலம்பேட்டையில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். இத்தனை காலமும் வீட்டைத் தனியாக நடத்தியவள் ஆசியா உம்மாள்தான். காலையில் இடியாப்பம் பிழிந்து தெருவுக்கு விற்பாள். ஓடு மாற்றுவது, கிணறு தூர்வாருவது எல்லாவற்றையும் அவளே நின்று பார்த்துக்கொள்வாள். இப்போது கூடத்துக் கட்டிலில் ஒரு மனிதர் படுத்திருந்தார். அவருக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்பதே அவளுக்குத் தெரியாது. அவராலும் சொல்ல முடியவில்லை.

சத்தமே வராமல் இல்லை. என்னவோ வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவள் சொல்வது அவருக்குப் புரிந்தது; திரும்பு என்றால் திரும்புவார், வாயைத் திற என்றால் திறப்பார். பதில் மட்டும் குழறலாக வரும்.

சாப்பாடுதான் பெரும்பாடு. இடது கையால் சாப்பிடமாட்டேன் என்று பிடிவாதம். பள்ளிவாசல் ஹஜ்ரத்தே வந்து, முடியாதவர்களுக்கு அது கூடும் என்று சொல்லிப்பார்த்தார். இஸ்மாயில் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். ஆசியா உம்மாள் ஊட்டினாள். இரண்டு வாய் வாங்கியதும் தட்டைப் பார்த்து, “சூடு, சூடு” என்பார். புரிகிற மாதிரி வந்தது அந்த ஒரு சொல்தான். அவள் விசிறியால் விசிறி ஆற்றிக் கொடுப்பாள். மறுபடியும் “சூடு” என்பார். சோறு சில்லிட்டுப் போயிருக்கும். கடைசியில் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மெல்ல முடியாதவருக்கு இதமாக இருக்குமென்று மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து மசித்துக் கொடுத்தாள். அதைத் துப்பிவிட்டார். அவளுக்குக் கண் கலங்கியது. தன் கையால் தின்னவே இவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள்.

இன்னொரு சொல்லும் உண்டு. அவள் கொல்லைக்கோ அடுப்படிக்கோ போனால் போதும், கூடத்திலிருந்து குரல் வரும்: “மானா... மானா...” வாசலையும் உள்ளையும் மாறி மாறிப் பார்த்தபடி கூப்பிடுவார்.

பக்கத்து வீட்டில்தான் அவர் தங்கை ஜெய்னப் இருந்தாள். அண்ணன்மேல் உயிர். ஆனால் மனதில் தோன்றியதை அடக்கத் தெரியாதவள். ஒருநாள் அம்மியடியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

“மச்சி, தப்பா நெனைக்காதீங்க. அங்க ஒருத்தி இருந்திருக்கா. மைமூனாவோ என்னவோ பேரு. அதத்தான் பாதி பாதியா கூப்புடுறாரு.”

ஆசியா உம்மாள் அரைத்ததை வழித்தெடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து எல்லாப் பணிவிடையும் நடந்தது. ஆனால் அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. துடைப்பாள், புரட்டிப் படுக்கவைப்பாள், துணி மாற்றுவாள், போய்விடுவாள். ஒரு சாயங்காலம் மறுபடி “மானா” என்று கேட்டபோது, கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

“அந்தப் பேர எங்காதுல போடாதீங்க. நான் ஒண்ணும் கேக்கல. இருந்தா இருந்துட்டுப் போவட்டும். ஆனா இந்த வூட்ல அந்தப் பேரு வாணாம்.”

இஸ்மாயில் தலையை ஆட்டினார். இடது கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி ஓங்கி அடித்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. குற்றம் பிடிபட்டதால் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

கடலூர் மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை ரயிலில் கூட்டிப்போவாள். அங்கே ஆரோக்கியம்மாள் என்ற நர்ஸ், விழுந்த கையை எப்படிப் பிடித்து நீட்டவேண்டும், மூடிக்கொண்ட விரல்களை எப்படி வலிக்காமல் பிரிக்கவேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். எல்லாவற்றையும் நீங்களே செய்யாதீர்கள், டம்ளரை அவரே எடுக்கட்டும், சிந்தினால் சிந்தட்டும் என்பாள். பேச்சைப் பற்றி அவளுக்கும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் கடலூர் ஓ.டி. என்னும் முதுநகரிலிருந்து ரஃபியுதீன் வந்தார். பினாங்கில் கடை மாடியில் இஸ்மாயிலோடு ஒரே அறையில் பல வருஷம் கிடந்தவர். முன்னமே ஊர் திரும்பி, முதுநகர் மார்க்கெட் பக்கம் சாமான் கடை வைத்திருந்தார். செய்தி தெரிய இத்தனை நாளாகிவிட்டது என்று வருத்தப்பட்டுக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆசியா உம்மாள் தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

கூடத்தில் வழக்கம்போல “மானா” என்ற குரல் கேட்டது. வந்த மனிதர் எதிரில் இது வேறா என்று நினைத்தாள். ஆனால் உடனே ரஃபியுதீன் பதில் சொன்னது காதில் விழுந்தது. அதுவும் அதே மாதிரிப் புரியாத பேச்சு. இஸ்மாயில் ஏதோ சொன்னார். ரஃபியுதீன் மறுபடி ஏதோ சொன்னார். கூடத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கிளாசைப் பிடித்தபடி நிலைப்படியில் வந்து நின்றாள். புருஷன் முகத்தில் அத்தனை மாதமும் காணாத ஒரு தெளிவு இருந்தது.

“தங்கச்சி, இவனுக்குப் பேச்சு போச்சுன்னு யாரு சொன்னது?” என்றார் ரஃபியுதீன். “தமிழுதான் போயிருக்கு. இவன் பேசுறது மலாய். வாய் கோணிப்போனதால கொஞ்சம் கொழறுது, அவ்ளோதான்.”

அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“மானான்னா யாருண்ணே?”

“யாரும் இல்லம்மா. ‘எங்க’ன்னு அர்த்தம். நீங்க உள்ள போனதும் நீங்க எங்கன்னு கேட்டான். அடுப்படியில இருக்காங்கன்னு சொன்னேன்.”

கிளாசை அவரிடம் கொடுத்துவிட்டு அவள் உள்ளே திரும்பிப் போனாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் எதிரே வெறுமனே நின்றாள். வெளியே வர அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. சூடு என்றால் அந்தப் பாஷையில் கரண்டி. பினாங்கில் கரண்டியால் சாப்பிட்டுப் பழகியவர். இடது கையில் சோற்றைப் பிசைய மனம் ஒப்பாவிட்டாலும் கரண்டி பிடிப்பதில் அவருக்குக் கூச்சமில்லை. அதைத்தான் அத்தனை நாளும் கேட்டிருக்கிறார். மரவள்ளியின் கதையையும் ரஃபியுதீன் சொன்னார். யுத்தகாலத்தில் அரிசி இல்லாமல் கடைக்குப் பின்னால் மரவள்ளி நட்டு, கடைப் பையன்கள் அத்தனை பேருக்கும் அவித்துப் போட்டு உயிர் காப்பாற்றியவர் இஸ்மாயில். யுத்தம் முடிந்தபின் அதைக் கையால் தொடுவதில்லை.

அடுத்தமுறை ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொன்னபோது, பின்னால் கற்ற பாஷை தங்கிப்போய்த் தாய்மொழி மறைவது அபூர்வமாக நடப்பதுண்டு என்றார். எந்தப் பாஷையாக இருந்தால் என்ன, பேசவிடுங்கள் என்றாள் ஆரோக்கியம்மாள்.

அதன்பிறகு ஆஸ்பத்திரி முடிந்ததும் முதுநகரில் ரஃபியுதீன் வீட்டுக்குப் போய் மத்தியானம்வரை இருந்துவிட்டு வருவது பழக்கமாயிற்று. ரஃபியுதீன் மனைவியை இழந்தவர். மலாய் பேசி எத்தனையோ வருஷமாகிவிட்டது என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். ஆசியா உம்மாள் கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டாள். தண்ணீர், வலி, போதும், புழுக்கம். சொற்களோடு புருஷனையும் தெரிந்துகொண்டாள். இடி இடித்தால் அவருக்குத் தூக்கம் வராது என்பதும், காப்பியில் சர்க்கரை போடமாட்டார் என்பதும் அப்படித் தெரிந்தவைதான். இருபத்தாறு வருஷத்தில் அவளுக்குத் தெரியாதவை இவை.

அவளுக்கும் சொல்ல இருந்தது. ஒருநாள் விரல்களைப் பிரித்து எண்ணெய் தடவிக்கொண்டிருக்கையில், யுத்தகாலத்தை எப்படிக் கழித்தாள் என்று சொன்னாள். பிள்ளைக்கு விஷஜுரம் கண்டபோது தூக்கிக்கொண்டு ஓட ஆளில்லாததைச் சொன்னாள். யுத்தம் முடிந்து வந்தவர் மறுபடியும் ஏன் கப்பலேறிப் போனீர்கள் என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்து, “மாஃப்” என்றார். அதற்கு யாரும் அர்த்தம் சொல்லவேண்டியிருக்கவில்லை. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. விரல்களை மட்டும் விடாமல் நீவிக்கொண்டிருந்தாள்.

ஜெய்னப் மன்னிப்பும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அண்ணனை நடக்கவைக்க அவள்தான் தினமும் வந்தாள். கொல்லைச் சுவரைப் பிடித்து நடந்தவர், பிறகு கம்பை ஊன்றி வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்வரை போய்வந்தார். தமிழும் சிறிது சிறிதாகத் தலைகாட்டியது. மகள் பேர் வந்தது, தங்கை பேர் வந்தது. காலையில் வாசலில் உட்கார்ந்து இடது கையால் இடியாப்பத்தை எடுத்து வாழையிலையில் வைத்துக் கொடுப்பார். முதலில் முகம் சுளித்த சிலர் நாளடைவில் பழகிப்போனார்கள். பழகாதவர்கள் வேறு இடத்தில் வாங்கினார்கள்.

1968-இல் ரஃபியுதீன் இறந்துபோனார். இரவில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தகவல் வந்ததும் இருவரும் ரயிலேறினார்கள். ஜனாசாவைத் தூக்கியபோது இஸ்மாயில் கம்பை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். வண்டியில் வரச் சொன்னார்கள். தலையை ஆட்டி மறுத்தார். பெண்களோடு வீட்டில் தங்கிவிட்ட ஆசியா உம்மாள், கபர்ஸ்தான்வரை இந்தக் கால் தாங்குமா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் திரும்பிய பிறகு கடைசியாக வந்தார். திண்டாடி நடந்ததில் சட்டையெல்லாம் வியர்வை. கை கழுவத் தண்ணீர் எடுத்துவந்தாள். இடது கையில் மண் இருந்தது. மூடியே கிடக்கும் வலது கையை எடுத்துப் பார்த்தாள். விரலிடுக்குகளில் ஈரமண் அப்பியிருந்தது. சிநேகிதனுக்கு மண் போட, விழுந்த கையை நல்ல கையால் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

ஆரோக்கியம்மாள் காட்டிக்கொடுத்தபடி அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து, உள்ளங்கையில் தண்ணீரை ஊற்றி, மண்ணைக் கழுவினாள். அவர் மலாயில் ஏதோ முணுமுணுத்தார். இனி அதற்குப் பதில் சொல்ல அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. தெரிந்த சொற்களைக் கூட்டி அவள் பதில் சொன்னாள். பாதி சரி, பாதி தப்பு. அவருக்குப் புரிந்தது.