கேட்டுச் சிரிக்க ஒரு நாடகம்

எல்லோரும் சிரித்து அடங்கிய பிறகு முன்வரிசையிலிருந்து தனியாக ஒரு சிரிப்பு வரும். மேடையில் நின்ற எங்களுக்கு அது நன்றாகவே கேட்டது. எழுபதுகளின் கடைசியில், தல்லாகுளத்தில் இருந்த எங்கள் அரசு அலுவலகத்தின் ஆண்டு விழா நாடகம் அது. எழுதி, இயக்கி, நடித்தது எங்கள் சூப்பிரண்டு சார். அந்தச் சிரிப்பு அவருடைய மகளுடையது. அவளுக்குப் பார்வை இல்லை. பக்கத்தில் இருந்த அம்மா காதருகே குனிந்து, மேடையில் இன்னார் இன்னது செய்தார் என்று சொல்லி முடித்த பிறகுதான் அவளால் சிரிக்க முடியும். அதற்குள் நாங்கள் அடுத்த வசனத்துக்குப் போயிருப்போம். அவள் சிரிப்பு அதன் மேல் வந்து விழும். யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். வசனம் மறந்தே அறியாத சார், அன்று ஒரு கணம் வார்த்தை வராமல் நின்றார்.

பிறவியிலேயே பார்வை இல்லாதவள் அல்ல அவள். பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்து, ஐந்து மணிக்கு மேல் நடக்கும் ஒத்திகையைப் பார்த்தே வளர்ந்தவள். யாருக்கு எந்த இடத்தில் வசனம் தடுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அலுவலகத்தில் சிரித்தே பார்த்திராத சார், அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் நடிகராவார். கல்லூரி முடித்த வருடம் அவளுக்கு மேலூர்ப் பக்கம் ஒரு வாத்தியார் மாப்பிள்ளையைப் பேசி, பூ வைக்க நாள் பார்த்திருந்தார்கள். அப்போது வந்த காய்ச்சலுக்குச் சாப்பிட்ட ஏதோ ஒரு மாத்திரை அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மேலெல்லாம் தீக்காயம் போலக் கொப்புளித்தது. உயிர் பிழைத்தாள். கண்கள் வெந்துபோயின. மாப்பிள்ளை வீட்டார் ஒரு முறை வந்து பார்த்தார்கள், பழம் வாங்கி வைத்தார்கள், பிறகு வரவில்லை. அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

ஆண்டு விழா முடிந்த மறுநாள் சார் என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது கீழ்நிலை எழுத்தர். அவர் நாடகங்களில் தரகர், வேலைக்காரன், போஸ்ட்மேன் எல்லாம் நான்தான்.

"நேத்து எம் பொண்ணு சிரிச்சது கேட்டுச்சாய்யா?"

கையிலிருந்த கோப்பைச் சரிபார்ப்பதுபோல் புரட்டினேன்.

"ஊரு சிரிக்கிறப்ப அவளும் சேந்து சிரிக்கணும்யா. அவ ஆத்தா சொல்லிச் சிரிக்கக் கூடாது. அப்படி ஒரு நாடகம் போடணும்."

புதிதாக எழுத அவர் முயலவில்லை. அவள் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது போட்ட பெண் பார்க்கும் நாடகத்தை எடுத்தார். அதில் மாப்பிள்ளையின் அப்பாவாக வரும் சார், பரிமாறிய பஜ்ஜியை யாருக்கும் தெரியாமல் துண்டில் சுருட்டி மறைப்பார். அன்று அவள் சிரித்த சிரிப்பில் பெஞ்சிலிருந்து கீழே விழுந்துவிட்டாளாம். அதே இடத்தில் அவள் மறுபடி சிரிக்க வேண்டும். அவருக்கு வேறு எதுவும் தெரியவில்லை. ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, காபியோடு வந்த அவர் மனைவி, "வேற எதாச்சும் போடலாமேங்க. திருடன் வார மாதிரி, பேய் வார மாதிரி" என்றார். "பேய்ல பஜ்ஜி ஏதுடி?" என்று சார் சிரித்தார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். மகள் அடுத்த அறையில் இருந்தாள். அதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒத்திகை தொடங்கியது. சார் கண்ணைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு அறையின் நடுவில் உட்காருவார். நாங்கள் அவரைச் சுற்றி நடிப்போம். பழக்கதோஷத்தில் நான் புருவத்தைத் தூக்குவேன், கையை விரிப்பேன்.

"எங்கய்யா போயிட்டே?"

"இங்கதான் சார் நிக்கிறேன்."

"சத்தமில்லாம நின்னா எனக்கு நீ செத்துப்போன மாதிரி. செருப்பைத் தேயி. செருமு. வெத்தலையைத் துப்பு. உசுரோட இருக்கேன்னு காட்டு."

இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு சத்தம் பிறந்தது, பிறகு ஒரு வாசம். தரகனான எனக்குப் புகையிலையும் வார் அறுந்த செருப்பும். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கை நிறைய வளையலும் தைல வாசமும். மேடை வேண்டாம் என்றார். பார்க்கிறவர்கள் நடுவில் ஜமுக்காளத்தில் இருக்க, வீடும் தெருவும் அவர்களைச் சுற்றி நடக்கட்டும் என்றார். தெருவுக்கு வைகை மணல் கொட்டி, யார் நடந்தாலும் நறநறவென்று கேட்கும்படி செய்தோம். மழைக்குத் தகரத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். சத்தம் வந்தது, மழை வரவில்லை. பிறகு காய்ந்த கரம்பை மண்ணைத் தாம்பாளத்தில் பரப்பித் தண்ணீர் தெளித்து, விசிறியால் வீசினோம். கண் கட்டியிருந்த சார் சட்டென்று தலையை நிமிர்த்தி, "மழை வந்துருச்சுய்யா!" என்றார். அவர் கண்ணில் கட்டியிருந்த துண்டைத் தாண்டி அவர் முகம் முழுவதும் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷத்தோடு நான் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

எங்கள் அலுவலக நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்ன ஒருவர் வருவார். பார்வையற்றவர். ஊருக்கு வெளியே பார்வையற்றோர் இல்லம் ஒன்றில் தங்கியிருந்தவர். ஒத்திகைச் சத்தம் கேட்டு ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தவர், முடிந்ததும் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஆளுக அம்புட்டு பேரும் வந்து கேக்கலாமா சார்?" என்றார். மகளுக்கென்று தொடங்கிய நாடகம் அப்படித்தான் அந்த இல்லத்தின் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கூடம் நிறைய ஆட்கள். சின்னப் பிள்ளைகள், பிரம்பு பின்னுகிறவர்கள், நரைத்த தலைகள். நடுவில் சாரின் மகளும் அம்மாவும். ஜன்னலுக்கு வெளியே மண்ணெண்ணெய் அடுப்பில் வாணலி காய்ந்துகொண்டிருந்தது. நான் செருப்பைத் தேய்த்துக்கொண்டு மணலில் நடந்ததுமே, "யாரோ வாராண்டா" என்று ஒரு குரல் எழுந்தது. புகையிலை வாசம் பக்கத்தில் போனதும், "தரகன்டா, தரகன்!" என்று இன்னொரு குரல். இத்தனை வருட நடிப்பில் யாரும் என்னை அப்படி வரவேற்றதில்லை. கேசரியில் நெய் விடும் வாசம் வந்தபோது கூடமே மூக்கை உறிஞ்சியது. சாரின் மகளும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். உதட்டில் சிரிப்பு இருந்தது. சார் வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது பெண் வரும் காட்சி. எங்கள் டைப்பிஸ்ட் அம்மாள்தான் மணப்பெண். தலை கொள்ளாமல் மல்லிகை, கஞ்சி வாசம் போகாத புதுப் பட்டு. கொலுசு குலுங்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவில் புகுந்து, ஒவ்வொருவர் கையிலும் முந்தானை உரசும்படி நடந்து போக வேண்டும். இது சாரின் யோசனை. பிள்ளைகள் பட்டைத் தடவிக் கிசுகிசுத்தார்கள். சாரின் மகளிடம் வந்ததும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஜரிகையின் மேல் விரலை மெல்ல ஓட்டினாள். விடவில்லை. டைப்பிஸ்ட் அம்மாள் அடுத்த அடி வைக்க முடியாமல் நின்றார். கொலுசுச் சத்தமும் நின்றது. பிறகு அவள் முந்தானையை விட்டுவிட்டு எழுந்து, "அம்மா, போகலாம்" என்றாள். இரைந்து சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் தெருவென்று பரப்பிய மணலில் நறநறவென்று நடந்து வெளியே போனாள்.

பிறகு பின்னாலிருந்து ஒருவர் உற்சாகமாகக் கத்தினார்: "பொண்ணு மாப்ளைய வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருச்சு டோய்!"

கூடமே கைதட்டிச் சிரித்தது. அவர்கள் மேல் என்ன குற்றம்? நடுவிலிருந்து எழுந்து போனதும் நாடகம்தான் என்று நினைத்தார்கள். அப்படி நினைக்கும்படி நாங்கள்தானே நாடகத்தை அமைத்திருந்தோம். அப்போதுதான் சாரின் மனைவி அன்று வீட்டில் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது. எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்தோம். மணலைச் சலித்தோம், மண்ணை நனைத்தோம், பூவின் வாசம் பத்துமா என்று மோந்து பார்த்தோம். பூ வைக்க இருந்து நின்றுபோன ஒரு பெண்ணின் கையில் பட்டுப் புடவையையும் மல்லிகையையும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சார் மகள் பின்னால் ஓடுவார் என்று நினைத்தேன். வாசல் வரை போனார். நின்றார். உள்ளே இருந்தவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். முன்னால் இருந்த ஒரு சிறுமி, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டாள். சார் திரும்பி வந்தார். செருமினார். மாப்பிள்ளையின் அப்பா குரலில், "என்ன சம்பந்தி, பஜ்ஜி வாசம் வருது, பஜ்ஜியக் காணோமே?" என்றார்.

முழுவதையும் நடித்தார். சூடான பஜ்ஜியைக் காகிதத்தில் சுற்றி, ஒவ்வொருவர் மூக்குக்குப் பக்கத்திலும் கொண்டு போனார். காகிதம் சரசரத்தது. "என்னங்க அது சத்தம்?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதும் சரசரப்பு நின்றது. கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எந்த இடத்தில் சிரிப்பு வர வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டாரோ, அதே இடத்தில், ஒருவர் பின்தங்காமல், எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர் யாருக்காகச் செய்தாரோ அவள் மட்டும் அங்கே இல்லை. அங்கே பார்வையோடு இருந்தது நடித்த நாங்கள் சிலர்தான். நாங்கள் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்காமல் நடித்து முடித்தோம்.

திங்கட்கிழமை வழக்கம்போல வந்து கோப்புகளில் கையெழுத்துப் போட்டார். ஒத்திகை என்ற சொல் அதன் பிறகு அவர் வாயில் வரவில்லை. ஆண்டு விழா வந்தபோது வேறு யாரோ பாட்டுக் கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். பிரம்பு பின்னுகிறவர் மட்டும் வரும்போதெல்லாம், "அடுத்த நாடகம் எப்ப சார்? பிள்ளைக கேட்டுக்கிட்டே இருக்குதுக" என்பார். சார் எழுந்து வெளியே போவார். பதில் சொல்ல வேண்டியது நானாகிவிடும். "பாப்போம்ணே" என்பேன். நாமே செய்தால் என்ன என்று நான் ஒருமுறை முயன்றும் பார்த்தேன். டைப்பிஸ்ட் அம்மாள் முடியவே முடியாது என்றுவிட்டார். மற்றவர்கள் மாறுதலில் போனார்கள். எண்பதுகளில் அலுவலகத்துக்கு இரும்பு நாற்காலிகள் வந்தன. பிரம்புக்காரர் வருவதும் நின்றது. சார் ஓய்வு பெற்ற சில வருடங்களில் காலமானார்.

அவர் மகள் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குப் படித்து, நல்ல உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனையூரில் தம்பி வீட்டு மாடியில் இருக்கிறாள். இப்போது நகரங்களில் பார்வையற்றவர்களுக்கென்று வாசமும் தொடுகையுமாக நாடகம் போடுகிறார்களாம். பத்திரிகையில் படித்துவிட்டு, ஏதோ ஒரு வேகத்தில் அதைச் சொல்ல அவள் வீட்டுக்கே போய்விட்டேன். சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு நான் எந்திரிச்சு வந்த பெறகு அப்பா மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"எங்கம்மா, மேக்கப்புல ஒண்ணும் தெரியல."

"அன்னைக்கு யாருமே மேக்கப் போடலண்ணே. போட்டிருந்தா வாசம் வந்திருக்கும்ல."

தப்பிக்க வழியில்லை. சொன்னேன். "வாய் நல்லாத்தாம்மா பேசுச்சு. கண்ணுல தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. துண்டு கையிலதான் இருந்துச்சு, ஆனாலும் தொடைக்கல. பாக்குறதுக்குத்தான் அங்க யாரும் இல்லையே. அப்படியே கடைசி வரைக்கும் நடிச்சாரு."

கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நான் வெளிய வராந்தாவுலதாண்ணே உக்காந்திருந்தேன். கொரல் கேட்டுச்சு. அம்புட்டுச் சிரிப்பும் கேட்டுச்சு. கொரல்ல ஒண்ணுமே தெரியல. நான் எந்திரிச்சு வந்தது அப்பாவுக்கு ஒரு பொருட்டே இல்லைன்னு இருந்துட்டேன். வீட்டுல அவர் எதுத்தாப்ல வந்து உக்காந்தாக்கூட எந்திரிச்சுப் போயிருவேன். அவர் போற வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்."

நான் சத்தமில்லாமல் இருந்ததால், போய்விட்டேனோ என்று நினைத்து, "அண்ணே?" என்று அவள் கையை நீட்டித் தேடினாள்.